அரை வைத்தியரும் முழு நோயாளியும்

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது நம் ஊர்களில் வழங்கும் பேச்சு. தமிழறிந்தோர் இதைத் திருத்துவர். 'ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்' என்பதே பழமொழியின் உண்மை வடிவம் என்பர். ஆயிரம் மூலிகையின் வேரைக் கண்டறிந்தவனும் பாதி வைத்தியனே ஆவான். மீதிப் பாதியை அவன் நோயாளியின் படுக்கையருகே நின்றுதான் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் உருது பேசும் நம் சகோதரர்களிடையே இன்னொரு முதுமொழி உண்டு: 'நீம் ஹகீம் கத்ரயே ஜான்.' அரை ஹகீம் உயிருக்கு ஆபத்து என்பது அதன் பொருள். ஒரு பழமொழி அரை வைத்தியனை அடக்கத்துடன் இருக்கச் சொல்கிறது. மற்றொன்று அவனிடமிருந்து விலகி நிற்க நம்மை எச்சரிக்கிறது.

இவ்விரு மொழிகளுக்கும் நடுவே நிற்கிறது இன்று நம் நாட்டில் எழுந்துள்ள ஒரு வினா. மருத்துவப் படிப்பைச் சுருக்கி, செலவைக் குறைத்து, விரைவாகப் பலரை உருவாக்கி, மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு அனுப்பலாமா? அவ்வாறு அனுப்புவது ஏழைக்குச் செய்யும் தொண்டா? அன்றி ஏழைக்கு இது போதும் என்று தீர்மானிக்கும் அநீதியா?

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இவ்வினாவுக்குப் புத்துயிர் அளித்தது. அதன் 32ஆம் பிரிவு 'சமுதாய நல வழங்குநர்' என்றொரு வகையினருக்கு வரையறுத்த உரிமம் வழங்க இடம் தந்தது. முழு மருத்துவராகப் பதிவு பெற்றவர் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத அளவில் இவர்கள் இருக்கலாம். தொடக்கநிலை மருத்துவத்திலும் நோய்த் தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதித் தரலாம். பிறவற்றை முழு மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம் என்பது அப்பிரிவின் சாரம். நாடெங்கும் மருத்துவர்கள் இதனை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். போலி மருத்துவருக்குச் சட்டம் முத்திரை குத்துகிறது என்றனர். அரசோ, கிராமங்களில் மருத்துவர் இல்லையே என்றது. இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவே இது ஆர்ப்பரித்துத் தீர்க்கும் வழக்கன்று. அமர்ந்து ஆராய்ந்து தீர்க்கும் வழக்கு.

சென்னை கண்ட முன்மாதிரிகள்

இவ்வழக்கு புதியதன்று. சென்னை மாநகர் இதனை ஒன்றரை நூற்றாண்டாக அறியும்.

1835இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களை மாணவிகளாக ஏற்றது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வழக்கறிஞராயிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. கோஷாவில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும், அந்நிய ஆடவர் முன் வராத இந்துப் பெண்களும் பேறுகாலத்தில் உதவியின்றி மடிவதைக் கேட்டறிந்தே அவர் மருத்துவம் பயில முன்வந்தார். அவர் இங்கே கற்றது மூன்றாண்டுப் படிப்பு. பெற்றது பட்டமன்று, உரிமச் சான்று. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. 1878இல் இங்கிலாந்து சென்று, 1882இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முழு மருத்துவப் பட்டம் பெற்று, மீண்டும் சென்னைக்கே திரும்பினார். 1885இல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் நம் தாய்மாரும் பாட்டிமாரும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று அழைத்தது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குவது.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. அந்த மூன்றாண்டுப் படிப்பு இல்லையேல் அப்பெண்மணிக்கு மருத்துவத்தின் வாயில் அந்நாளில் திறந்திராது. அந்த மூன்றாண்டுப் படிப்பே போதுமென்று அவர் எண்ணியிருந்தால் பின்னாளில் அடைந்த சிறப்பை அடைந்திரார். குறுகிய படிப்பு அவருக்கு வாயிற்படியாயிற்று; அவர் அதையே வீடாக்கிக் கொள்ளவில்லை.

அடுத்து, முதியோர் இன்றும் நினைவுகூரும் 'எல்.எம்.பி. டாக்டர்'களின் காலம். பட்டம் பெற்ற மருத்துவர் ஒருபுறமும், மருத்துவப் பள்ளிகளில் குறைந்த காலம் பயின்று உரிமம் பெற்றோர் மறுபுறமுமாக இரு வகையினர் இருந்தனர். ராயபுரம் மருத்துவப் பள்ளி இத்தகைய உரிம மருத்துவர்களை உருவாக்கியது. அதுவே 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. சிற்றூர்களிலும் தாலுகா தலைநகர்களிலும் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் உரிம மருத்துவர்களே. பிரசவம், காலரா, பாம்புக்கடி, எலும்பு முறிவு என அனைத்துக்கும் மக்கள் அவர்களையே நாடினர். ஆயினும் அரசுப் பணியில் அவர்கள் 'சப் அசிஸ்டென்ட் சர்ஜன்'. பட்டதாரி 'அசிஸ்டென்ட் சர்ஜன்.' ஊதியத்தில் தாழ்வு, மதிப்பில் தாழ்வு. 1933இன் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் அவர்களை அகில இந்தியப் பதிவேட்டிலேயே சேர்க்கவில்லை.

1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. அன்று பதிவு பெற்ற மருத்துவர் 47,524 பேர். அவர்களுள் பட்டதாரிகள் 17,654 பேர். உரிம மருத்துவர் 29,870 பேர். அதாவது நாட்டின் மருத்துவத்தைத் தோளில் தாங்கியவர்களுள் பெரும்பான்மையோர் 'குறைந்த' படிப்பினரே. இருப்பினும், இனி ஒரே தரத்து மருத்துவரையே உருவாக்க வேண்டும், உரிமப் படிப்பை நிறுத்த வேண்டும் என்றது குழுவின் பெரும்பான்மை. உறுப்பினர் சிலர் மறுத்தனர். பட்டதாரிகள் போதிய அளவில் வரும்வரை கிராமத்தான் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டனர். பெரும்பான்மைக் கருத்தே வென்றது. மருத்துவப் பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது கல்லூரிகளாயின. உரிம மருத்துவர் பலர் சுருக்கப் பாடத்திட்டத்தின் வழியே பின்னர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றனர்.

உஸ்மான் சாலையின் பெயருக்கு உரியவர்

தியாகராய நகரில் நகையும் துணியும் வாங்க உஸ்மான் சாலைக்குச் செல்லாத குடும்பம் சென்னையில் அரிது. அச்சாலையின் பெயருக்கு உரிய சர் முகம்மது உஸ்மான் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும், 1940 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர் என்பதைச் சிலர் அறிவர். நம் வினாவோடு அவருக்குள்ள தொடர்பை அறிந்தோர் அவரினும் சிலர்.

1921இல் சென்னை அரசு உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் உஸ்மான் அவர்கள்; செயலாளர் டாக்டர் ஜி. சீனிவாசமூர்த்தி. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவற்றை ஏளனத்துடன் ஒதுக்குவது அறமாகாது. மேலை மருத்துவத்தின் செலவைத் தாங்கும் வலிமை நம் ஏழை மக்களுக்கில்லை. எனவே உள்நாட்டு முறைகளை முறையாகக் கற்பித்து, கற்றோரைப் பதிவு செய்து, அரசு ஆதரிக்க வேண்டும் என்ற போக்கில் 1923இல் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன் விளைவாக 1925இல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. அங்கே நம் மருத்துவ முறைகளோடு உடற்கூறும் நவீன அறிவியலும் கற்பிக்கப்பட்டன.

அப்பள்ளியின் பின்வரலாறு சிந்தனைக்குரியது. அது முதலில் ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரியாயிற்று. இறுதியில் 1960இல் முற்றிலும் நவீன மருத்துவம் கற்பிக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறியது. ஏன்? இரண்டாம்படியில் நிற்பதை எவரும் விரும்புவதில்லை. 'மலிவானது, எனவே உங்களுக்கு ஏற்றது' என்று சொல்லிக் கொடுக்கப்படும் எதையும் பெறுபவனும் மதிப்பதில்லை, கற்பவனும் மதிப்பதில்லை. ஸ்டான்லியும் கீழ்ப்பாக்கமும் வெவ்வேறு வழியில் சென்று இறுதியில் ஒரே இடத்தை அடைந்தன.

அண்மைக்காலச் சோதனைகள்

புதிதாய்ப் பிறந்த சத்தீஸ்கர் மாநிலம் 2001இல் சட்டமியற்றி மூன்றாண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. எதிர்ப்பு எழுந்தது. படிப்பின் பெயர் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டது. தங்களை மருத்துவர் என்று அழைக்கலாமா, கூடாதா என்ற தெளிவின்றி மாணவர் கொதித்தனர். சில ஆண்டுகளில் சேர்க்கையும் நின்றது. ஆயினும் பயின்று வெளிவந்தோர் ஊரக மருத்துவ உதவியாளராக ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். 2010இல் வெளியான ஓர் ஆய்வு இவர்களையும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களையும் ஒப்பிட்டது. வழக்கமாக வரும் நோய்களை இனங்கண்டு மருந்து தருவதில் இரு சாராரின் திறனும் ஏறத்தாழ ஒத்தே இருந்தது. மூன்றாண்டுப் படிப்பினர் மிக உயர்ந்துவிட்டனர் என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஐந்தரை ஆண்டுகள் செலவிட்டும் அடிப்படைப் பணியில் நாம் எதிர்பார்க்கும் மேம்பாடு வரவில்லையே என்பதும் இதன் மறுபக்கமாகும்.

அஸ்ஸாம் மாநிலமும் 2004இல் சட்டமியற்றி ஜோர்ஹாட்டில் இத்தகைய படிப்பொன்றை நடத்தியது. 2014இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை வகுப்பது நடுவண் அரசின் அதிகாரம் என்பது அதன் அடிப்படை.

உலகம் என்ன சொல்கிறது? ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாடு, மருத்துவர் மிகக் குறைந்திருந்த நிலையில், 1984 முதல் மருத்துவரல்லாத பணியாளரைத் தேர்ந்தெடுத்து அறுவை மருத்துவத்தில் பயிற்றுவித்தது. அவர்கள் செய்த சிசேரியன் அறுவைகளின் விளைவு, மருத்துவர் செய்தவற்றினின்றும் குறிப்பிடத்தக்க வகையில் வேறுபடவில்லை என்று ஆய்ந்தோர் எழுதினர். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969 முதல் மூன்றாண்டிலேயே முழு மருத்துவரை உருவாக்கி வருகிறது. ஆனால் அங்கே சேர்வோர் முன்னரே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பயின்றவர்கள் என்பதை மறத்தலாகாது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. பிரிட்டனில் இரண்டாண்டு பயிற்சி பெற்ற 'பிஸிஷியன் அசோஸியேட்' என்போர் பெருகினர். தம்மைப் பார்த்தவர் டாக்டர் அல்லர் என்பதையே அறியாமல் சிலர் சிகிச்சை பெற்று, நோய் தவறாகக் கணிக்கப்பட்டு இறந்த நிகழ்ச்சிகள் நாட்டை உலுக்கின. அரசு அமைத்த ஆய்வு 2025 ஜூலையில் வெளிவந்தது. அவர்கள் பெயரை 'அசிஸ்டென்ட்' என்று மாற்ற வேண்டும். நோய் இன்னதென்று இன்னும் அறியப்படாத நோயாளியை அவர்கள் பொதுவாகத் தனித்துப் பார்த்தலாகாது என்று அது பரிந்துரைத்தது. இந்தியாவில் இத்தகைய உதவியாளர் படிப்பை முதலில் கண்ட நகரமும் சென்னைதான். 1992இல் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் மெட்ராஸ் மெடிகல் மிஷனில் அதைத் தொடங்கினார். அறுவை நிபுணரின் அருகே நின்று உதவுவதே அங்கு அவர்களின் பணியாக அமைந்தது. உதவி என்ற சொல் உதவியாகவே இருந்தது.

பாக்தாதின் தேர்வு

இனி நம் முன்னோரின் வரலாற்றுக்குத் திரும்புவோம். ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறினால் ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித் தேர்வு செய்து ஒப்புதல் அளித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆணை பிறந்தது. புகழால் அறியப்பட்டோர் நீங்கலாக, எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர்.

வந்தவர்களுள் கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் இருந்தார். ஸினான் அவரை மரியாதையுடன் அமர்த்தி, எவரிடம் கற்றீர்கள் என்று வினவினார். முதியவர் சில தீனார்களை எடுத்து முன்னே வைத்து, தமக்கு எழுதவோ படிக்கவோ தெரியாதென்றும், இத்தொழிலைக் கொண்டே குடும்பம் பிழைக்கிறதென்றும், பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாமென்றும் வேண்டினார். ஸினான் நகைத்தார். பின்னர் ஒரு நிபந்தனையுடன் இசைந்தார். அறியாத நோயில் கை வைக்கக் கூடாது; சிறு நோய்களுக்கன்றி இரத்தம் வடித்தலோ பேதிக்குக் கொடுத்தலோ செய்யக் கூடாது. இதுவே என் வழக்கமும் என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். உன் ஆசிரியர் யார் என்றதற்கு, நேற்று தங்களிடம் வந்த என் தந்தையே என்றார். அப்படியாயின் அவர் எல்லையை நீயும் தாண்டாதே என்று சொல்லி அனுப்பினார் ஸினான். மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னுல் கிஃப்தி போன்றோர் இதனைப் பதிவு செய்துள்ளனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட 'வரையறுத்த உரிமம்' இது! படித்து நகைப்பதற்குரிய கதையெனினும் அதனுள் ஒரு நீதி பொதிந்துள்ளது. அறிவு குறைந்தவனுக்கும் பணியுண்டு. ஆனால் அவன் எல்லை வகுக்கப்பட வேண்டும். அவ்வெல்லையை அவனே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதே ஸினானுக்கு வஜீர் அலீ இப்னு ஈஸா எழுதிய கடிதங்களும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. சிறைக்கைதிகளை நாள்தோறும் மருத்துவர் சென்று காண வேண்டுமென்றார். ஸவாத் நிலப்பகுதியின் கிராமங்களில் மருத்துவரே இல்லை. மருந்துப் பெட்டகத்துடன் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று தேவைப்படும் நாள் வரை தங்கிச் சிகிச்சை செய்ய வேண்டுமென்றார். கிராமத்துக்கென்று தனியே ஒரு தாழ்ந்த மருத்துவர் வகையை அவர் படைக்கச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. இருந்த மருத்துவரையே நடக்கச் சொன்னார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயா என்னும் சமுதாயக் கடமையாக வகுத்தார்கள். ஊரில் ஒருவரேனும் அதனை நிறைவேற்றாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். தம் காலத்து மாணவர் மருத்துவத்தை விடுத்துப் பதவியும் செல்வாக்கும் தரும் துறைகளிலேயே முண்டியடிப்பதைக் கண்டு அப்பெருந்தகை வருந்தினார்கள். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நிபுணர்களின் பெயர்ப்பலகைகள் தெருத்தோறும் ஒளிர, மலைக்கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் மருத்துவரை எதிர்நோக்கிக் கிடக்கும் காலத்தில் அவ்வருத்தம் பழமையாகிவிடவில்லை.

மருத்துவத்தில் தேர்ந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைத்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா தொகுப்புகளில் உள்ளது. அதன்மீதே நம் சட்ட அறிஞர்கள் மருத்துவரின் பொறுப்பைக் கட்டமைத்தனர். 1996இல் இந்திய உச்ச நீதிமன்றமும், ஹோமியோபதி பயின்ற ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தாம் கல்லாத முறையில் கை வைத்ததே கவனக்குறைவாகும் என்று தீர்ப்பளித்தது. காலமும் தேசமும் வேறாயினும் நீதி ஒன்றே.

எல்லை எங்கே?

இவ்வளவும் கண்டபின் முடிவென்ன? 'எல்லையை வகுத்துவிட்டால் போதும். சிறு நோய்களைச் சிறு படிப்பினர் பார்க்கட்டும்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இங்கேதான் வலுவான மறுப்பொன்று எழுகிறது. நோய் தன் அளவைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் நடந்து வந்தவர் 'நெஞ்சில் வாயு அடைத்தது போலிருக்கிறது' என்கிறார். அது வாயுவாகவே இருக்கலாம். மாரடைப்பின் முதல் மணியோசையாகவும் இருக்கலாம். குழந்தையின் காய்ச்சல் இரண்டு நாளில் தீரும் சளிக்காய்ச்சலாகலாம். மூளையுறை அழற்சியாகவும் ஆகலாம். சிறியதினின்று பெரியதைப் பிரித்தறிவதே மருத்துவக் கலையின் கடினமான பகுதி. அதனை அறிவில் இளையவரிடம் விட்டுவிட்டு, முடிவான நோயைக் கவனிக்க மட்டும் நிபுணரை வைத்திருப்பது தலைகீழ் ஏற்பாடாகாதா?

ஆம், தலைகீழ்தான். ஆகவே, முதலில் வரும் நோயாளியைத் தன்னந்தனியே கண்டு முடிவு செய்யும் பொறுப்பைக் குறைந்த பயிற்சியினர்மேல் சுமத்துவது நோயாளிக்கு மட்டுமன்று, அப்பணியாளருக்கும் இழைக்கும் அநீதியாகும். அதேவேளை, முழு மருத்துவர் ஒருவரோடு கட்டுண்டு, எழுதி வகுத்த நெறிமுறைப்படி, ஐயம் தோன்றிய அக்கணமே மேலே அனுப்பும் ஏற்பாட்டுடன் அவர்கள் பணியாற்றினால் பெரும்பயன் விளையும்.

இதற்கும் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தோற்றுவித்து அடையாற்றுப் பகுதியில் வளர்த்த தன்னார்வ நலப்பணி நிறுவனம், வி.எச்.எஸ். என்று மக்கள் அறிந்தது, சுற்றுப்புறக் கிராமங்களில் சிறு நல நிலையங்களை அமைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒன்று. பயிற்சி பெற்ற ஆண், பெண் பணியாளர் வீடு வீடாகச் செல்வர். ஊரிலேயே தேர்ந்தெடுத்த முதலுதவியாளர் துணை நிற்பர். மருத்துவர் குறித்த நாளில் வருவார். மேல் சிகிச்சைக்குத் தலைமை மருத்துவமனை திறந்திருக்கும். குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்தின. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர் இல்லம்தோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து வழங்குவதும் இவ்வழியினதே. இவர்கள் எவரும் தம்மை டாக்டர் என்று சொல்லிக்கொள்வதில்லை. மக்கள் ஏமாறுவதுமில்லை.

ஆக, நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, வாய்மை: தன்னைத் தொடுபவர் யார், என்ன கற்றவர் என்பதை நோயாளி அறிகிறாரா? இரண்டாவது, இணைப்பு: ஐயம் வந்தால் அவருக்கு மேலே கைகொடுக்க ஒருவர் உண்டா? மூன்றாவது, ஏணி: உழைத்து உயர விரும்புபவருக்கு அடுத்த படி உண்டா? எல்.எம்.பி. மருத்துவரை நாடு பயன்படுத்தியது. ஆனால் நெடுங்காலம் இழிவுபடுத்தியது. சத்தீஸ்கர் தன் மாணவருக்குப் பெயரைக்கூட நிலையாகத் தரவில்லை. மேரி ஷார்லீப்புக்கு ஏணி கிடைத்தது. ஆயின் அது கடல் கடந்து செல்ல இயன்றவருக்குக் கிடைத்த ஏணி.

இம்மூன்றும் இல்லாத குறுகிய படிப்பு, ஏழையின் மீது செய்யும் சிக்கனம். நோயாளியில் அரை நோயாளி என்று எவருமில்லை. ராமநாதபுரத்து மீனவரின் உயிரும் அடையாற்றுச் செல்வரின் உயிரும் நிறையில் ஒன்றே.

நம் இல்லங்களின் பங்கு

செலவைப் பற்றியும் ஒரு சொல். படிப்பின் காலம் நீண்டதாயிருப்பதால் மட்டும் மருத்துவக் கல்வி விலையேறவில்லை. இடங்கள் விற்பனைப் பண்டமானதும் ஒரு காரணம். தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரியின் கட்டணமே வாங்க வேண்டுமென 2022 பிப்ரவரியில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டியதே நோயின் வேரைக் காட்டும். மகனை டாக்டராக்க வேண்டுமென்று நிலத்தையும் தாயின் நகையையும் விற்று, வட்டிக்குக் கடன் வாங்கி, கடல் கடந்து அனுப்பும் குடும்பங்கள் நம்மில் உண்டு. 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய ஆயிரக்கணக்கான இந்திய மாணவரின் கதி நாம் அறிந்ததே. வெளிநாட்டுப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது என்று 2021இன் விதி கூறுவதையும் பெற்றோர் நினைவில் கொள்ளல் வேண்டும். சுருக்கு வழி என்று தரகர் காட்டுவது சில வேளை முட்டுச்சந்தாகும்.

கடனில் பிறந்த மருத்துவர் கடனை முதலில் நினைப்பார். நோயாளியைப் பின்னரே நினைப்பார். அவரைக் குறைகூறுமுன் அக்கடனைச் சுமத்தியவர் யார் என்று சமுதாயம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கி.பி. 1154 அளவில் டமாஸ்கஸில் நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையும் வக்ஃபு வருவாயில் இயங்கின. அங்கே நோயாளிக்குச் சிகிச்சை இலவசம். மாணவருக்கோ நோயாளியின் கட்டிலருகே பாடம். படிப்பைச் சுருக்காமலே செலவைச் சுருக்கும் வழி அது. நாட்டில் நமக்கு வக்ஃபு சொத்துக்கள் இல்லையா? ஊர்தோறும் ஜமாஅத்துகள் இல்லையா? தகுதியிருந்தும் பணமின்றித் தவிக்கும் மாணவர் ஒருவரையேனும் ஒரு ஜமாஅத் ஏற்று, 'படித்தபின் ஐந்தாண்டு நம் வட்டாரத்தில் பணியாற்றுக' என்று அமானத்தாக அவரிடம் ஒப்படைத்தால், அரை வைத்தியரா முழு வைத்தியரா என்ற வாதத்தில் பாதி தானே அடங்கும்.

அதுபோன்றே, மருத்துவ இடம் கிடைக்காத மகளோ மகனோ செவிலியர் படிப்பையோ உதவியாளர் படிப்பையோ மேற்கொண்டால் அதனைத் தோல்வியென்று வீட்டில் பேசாதிருத்தல் நம் கடமை. மூன்று ஆண்டு கற்றவரைத் தாழ்த்திப் பேசும் சமுதாயமே, அவர் தம் பெயர்முன் டாக்டர் என்று எழுதிக்கொள்ளும் பொய்க்கு அவரைத் தள்ளுகிறது. தம் பணியின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல இயன்றவர், தம் எல்லையையும் தயங்காமல் சொல்வார்.

'எனக்குத் தெரியாது, இவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்' என்று உரிய நேரத்தில் சொல்லும் துணிவை எந்தப் படிப்பு தருகிறதோ, அதன் காலம் மூன்றாண்டாயினும் ஐந்தரை ஆண்டாயினும் அது நற்படிப்பு. அத்துணிவைத் தராத படிப்பு எத்தனை ஆண்டுகள் நீண்டாலும், எத்தனை இலட்சம் விழுங்கினாலும், அதில் தேறி வருபவர் அரை வைத்தியரே.